ஜோகூர் அரசரின் சட்டமும் நமது சங்கத்தின் விதிப்புத்தகமும்

(பொன்விழாக் கூட்டம் ஒன்றில் இளையர் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



ஐம்பதாம் ஆண்டு விழா என்றால் கடந்து வந்த பாதையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச எங்களைவிடத் தகுதியான மூத்தவர்கள் இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட தலைப்பு 'மன்னராட்சியும் அரசமைப்புச் சட்டமும்'. சட்டம் படித்தவர்கள் பேச வேண்டியதைக் கடை நடத்துகிறவர்களிடம் தந்துவிட்டார்களே என்று முதலில் தயங்கினோம். நூலகத்தில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கிய பிறகு, இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த கதை இல்லை, நம் வாசலில் நடந்த கதை என்று தெரிந்தது. இதில் கம்போங் கிளாம் வருகிறது, தெலுக் பிளாங்கா வருகிறது, ஜோகூர் வருகிறது. கடைசியில் நம் சங்கத்தின் விதிப்புத்தகமும் வருகிறது.

எழுதி வைப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று மதரசா பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சூரத்துல் பகராவின் 282-ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறியதானாலும் பெரியதானாலும் தவணையைக் குறிப்பிட்டு எழுத வேண்டும், எழுதுகிறவர் நியாயமாக எழுத வேண்டும், சாட்சி வேண்டும். இன்னொன்றும் அதில் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்ல, கடன்பட்டவர். யார் கட்டுப்படப் போகிறாரோ அவர் வாயாலேயே வாசகம் வர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மன்னர் ஆளும் நாடு, அதற்கு மேலே வெள்ளைக்காரன். இந்த ஏற்பாட்டைக் கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தென்காசி பிரிட்டிஷ் சீமை. சில மைல் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தத் திருவிதாங்கூரில்தான் 1888-ஆம் ஆண்டு, இந்திய சமஸ்தானங்களிலேயே முதலாவதாக, மகாராஜா ஒரு சட்டசபையை ஏற்படுத்தினார். 1904-இல் மக்கள் தங்கள் குறைகளைச் சொல்ல ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தது. அரசர் தன் சொல்லே சட்டம் என்ற நிலையிலிருந்து ஒரு படி இறங்கி வந்த காலம் அது. அதே காலத்தில் இந்தப் பக்கத்தில் ஜோகூர் சுல்தான் இன்னும் பல படி இறங்கி வந்தார்.

அதற்கு முன் இங்கே நிலைமை எப்படி இருந்தது? அதைச் சொன்னவர் பாதி நம்மவர். முன்ஷி அப்துல்லாவைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மலாய் உரைநடையின் முன்னோடி, ராபிள்சின் எழுத்தர். அரபு, தமிழ் வம்சாவளியில் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் நாகூர் வழியாக வந்தவர்கள். சிறு வயதில் தமிழ் படித்தவர், ஏனென்றால் அன்றைய மலாக்காவில் வணிகக் கணக்குக்குத் தமிழ் வேண்டியிருந்தது. 1838-இல் கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை மூண்டு சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு அங்கே மாட்டிக்கொண்டபோது, கடிதங்களோடு கப்பலேறிப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தை எழுதியபோது அவர் மனம் நொந்து சொன்னது இதுதான்: அரசருடைய மனம் போன போக்கே சட்டமாக இருக்கும் இடத்தில், எவனும் நல்ல வீடு கட்ட மாட்டான், தோட்டம் போட மாட்டான், சேர்த்து வைக்க மாட்டான், எது எப்போது பறிபோகும் என்று தெரியாது. கடை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். 1819 பிப்ரவரி 6 அன்று ராபிள்ஸ் இரண்டு பேருடன் உடன்படிக்கை செய்தார். ஒருவர் சுல்தான் ஹுசைன் ஷா. மற்றவர் தெமெங்கோங் அப்துல் ரஹ்மான். தெமெங்கோங் என்பது சுல்தானுக்குக் கீழுள்ள பெரிய அதிகாரியின் பட்டம். சுல்தானுக்கு ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய டாலர், தெமெங்கோங்குக்கு 3,000. அப்போது கம்பெனிக்குக் கிடைத்தது வணிக நிலையம் அமைக்கும் அனுமதிதான். நிலத்தின் உரிமை அவர்களிடமே இருந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு தாள் எழுதப்பட்டது. அதைச் சிங்கப்பூரின் முதல் விதிப்புத்தகம் என்று சொல்லலாம். திங்கட்கிழமைதோறும் காலை 10 மணிக்கு சுல்தானும் தெமெங்கோங்கும் ரெசிடென்ட் பார்க்கரும் ரூமா பிச்சாராவில், அதாவது பேச்சு மன்றத்தில், கூட வேண்டும். வர முடியாவிட்டால் பிரதிநிதியை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சமூகத்தின் தலைவரும், கம்பத்துப் பெங்ஹுலுமார்களும் அங்கே வந்து நடந்ததைத் தெரிவிக்க வேண்டும். தலைவர் அநியாயம் செய்தால், அவருக்குக் கீழுள்ளவர் நேரே அங்கே வந்து முறையிடலாம். நம் சூலியா முன்னோர்களும் இந்த விதிக்குள் வாழ்ந்தவர்கள்தாம்.

1823 ஜூன் 7 அன்று ராபிள்ஸ் அந்த ஏற்பாட்டை மாற்றினார். சுல்தானுக்கு மாதம் 1,500 டாலர், தெமெங்கோங்குக்கு 800 என்று நிர்ணயித்து, நீதி நிர்வாகத்திலும் வரியிலும் அவர்களுக்கு இருந்த பங்கை வாங்கிக்கொண்டார். ஆனால் ஒரு விதியை எழுதி வைத்தார். சமயச் சடங்கு, திருமணம், வாரிசுப் பங்கு ஆகியவற்றில் மலாய்க்காரர்களின் சட்டமும் வழக்கமும், நியாயத்துக்கும் மனிதத்தன்மைக்கும் மாறாக இல்லாத வரையில், மதிக்கப்படும். மற்றவற்றில் பிரிட்டிஷ் சட்டம். இந்த ஒரு வரி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பிறகு சொல்கிறோம்.

1824 ஆகஸ்ட் 2 அன்று கிராபர்டு செய்த உடன்படிக்கையில் சிங்கப்பூர் முழுவதும் கம்பெனிக்குப் போய்விட்டது. சுல்தானுக்கு 33,200 டாலரும் ஆயுள் வரை மாதம் 1,300 டாலரும். தெமெங்கோங்குக்கு 26,800 டாலரும் மாதம் 700 டாலரும்.

ஒரே தாளில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு வீட்டார். கம்போங் கிளாமில் சுல்தான் வீடு. தெலுக் பிளாங்காவில் தெமெங்கோங் வீடு. அந்தஸ்தில் சுல்தான் வீடு உயர்ந்தது. அடுத்த 80 ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

சுல்தான் ஹுசைன் 1835-இல் மலாக்காவில் காலமானார். அடுத்து யார் என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. மகன் அலி, சுல்தான் என்று பெயர் சூட்டிக்கொள்ளவே 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1855-இல் அந்தப் பட்டம் கிடைத்தபோது, விலையாக ஜோகூரின் ஆட்சியைத் தெமெங்கோங் இப்ராகிமுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். மூவார் பக்கத்தில் கீசாங் வட்டாரம் மட்டும் அவரிடம் மிஞ்சியது. பதிலுக்கு 5,000 டாலரும் மாதம் 500 டாலரும் கிடைத்தன. அவர் 1877-இல் காலமான பிறகு அந்தக் கீசாங்கும் தெலுக் பிளாங்கா வீட்டாரின் கைக்குப் போனது. கம்போங் கிளாம் சொத்துக்குக் குடும்பத்துக்குள் வழக்கு மூண்டது. 1897-இல் நீதிமன்றம், சுல்தானின் வாரிசு என்ற உரிமையில் யாரும் அந்த நிலத்தைக் கேட்க முடியாது என்று தீர்த்தது. நிலம் அரசுக்கு உரியதாயிற்று. 1904-இல் சுல்தான் ஹுசைன் சட்டம் வந்து, சந்ததியாருக்கு உதவித்தொகை மட்டும் என்று ஆனது. அந்த இஸ்தானாதான் இன்று நாம் பிள்ளைகளை அழைத்துப் போகும் மலாய் மரபுடைமை நிலையம்.

தெலுக் பிளாங்கா வீட்டின் கதை வேறு. தெமெங்கோங் இப்ராகிம் 1840-களில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் வணிகத்தில் பொருள் ஈட்டினார். ஜோகூர்க் காட்டில் சீனர்களைக் குடியேற்றி மிளகும் கேம்பியரும் பயிரிடச் செய்தார். கேம்பியர் என்பது காசுக்கட்டி போன்ற ஒரு சாறு. தோல் பதனிடப் பயன்பட்டது. அவர் மகன் அபூபக்கர் 1833-இல் இதே தெலுக் பிளாங்காவில் பிறந்தவர். 1862-இல் தெமெங்கோங், 1868-இல் மகாராஜா, 1885 டிசம்பரில் லண்டனில் செய்த உடன்படிக்கையின்படி ஜோகூர் சுல்தான். அவர் பட்டம் பெற்ற அடுத்த சில ஆண்டுகளில்தான் மகுதூம் சாயபு இங்கே 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார், 1887-இல். நம்மவர்களின் எழுத்தும் அந்த அரசரின் சட்டமும் ஒரே காலத்தவை.

அபூபக்கரின் நெருக்கடி என்ன? 1874-இல் பங்கோர் உடன்படிக்கை. அதன்படி பேராக் சுல்தான் ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்டை ஏற்று, மலாய் சமயமும் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய ஆலோசனையைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். பெயர் ஆலோசனை, நடப்பு ஆணை. அடுத்து சிலாங்கூர், நெகிரி செம்பிலான், 1888-இல் பகாங். மிஞ்சியிருந்தது ஜோகூர். தன் நாட்டை ஆளத் தெரியாத மன்னர் என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் நுழைந்தார்கள். அந்தக் காரணம் தன் வீட்டு வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அபூபக்கர் புரிந்துகொண்டார். ஐரோப்பாவுக்குப் பல முறை போனார். 1883-இல் ஜப்பானுக்குப் போய்ப் பேரரசரைச் சந்தித்தார். துருக்கி சுல்தானின் நட்பைத் தேடினார். துருக்கியில் 1876-இலும் ஜப்பானில் 1889-இலும் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டங்கள் வந்துவிட்டிருந்தன.

இடையில் லண்டனில் அவர் மீது ஒரு வழக்கு. வேறு பெயரில் பழகித் திருமண வாக்குறுதி தந்து மீறினார் என்று ஒரு பெண்மணி தொடுத்தது. நீதிபதிகள் அந்தக் குற்றச்சாட்டுக்குள் போகவேயில்லை. ஜோகூர் சுல்தான் சுதந்திர அரசர் என்று குடியேற்ற நாடுகள் அலுவலகம் எழுதிய கடிதம் போதும், எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்க முடியாது என்று தீர்ப்பானது. 1894-ஆம் ஆண்டின் சட்ட ஏடுகளில் பதிவான அந்தத் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். யாரும் கேள்வி கேட்க முடியாத நிலைக்கு ஓர் அரசர் அதன் வழியே உயர்ந்தார். அதற்குப் பிறகு அவரே தன்னைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை எழுதி வெளியிட்டார். கடன்பட்டவரே வாசகம் சொல்லட்டும் என்ற வசனத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

1895 ஏப்ரல் 14 தேதியிட்ட அந்தச் சட்டத்தின் பெயர் 'உண்டாங்-உண்டாங் துபூ'. மலாய் தெரிந்தவர்களுக்குத் தெரியும், துபூ என்றால் உடம்பு. நாட்டுக்கு உடம்பு கொடுக்கும் சட்டம். மலாய் நாடுகளில் எழுதப்பட்ட முதல் நவீன அரசமைப்புச் சட்டம் அது. மக்கள் பேசும் மலாய் மொழியிலேயே எழுதப்பட்டது.

அதில் என்ன இருந்தது? அரசர் மலாய்க்காரராக, அரச வம்சத்தவராக, ஆணாக, முஸ்லிமாக இருக்க வேண்டும். மூத்த மகன் என்பதாலேயே அரியணை உறுதி இல்லை; சித்தம் கலங்கியவராகவோ, மார்க்கச் சட்டம் ஏற்காத இழிகுணம் உடையவராகவோ இருந்தால் அவர் அரசராக முடியாது. அரசருக்குத் துணையாக அமைச்சர் சபை. சட்டம் இயற்ற நாட்டுச் சபை; அதில் இனமும் சமயமும் பார்க்காமல் ஜோகூர்க் குடிமக்கள் இடம்பெற வழி இருந்தது. நாட்டின் சமயம் இஸ்லாம். மற்றச் சமயத்தார் தங்கள் சமயத்தை அமைதியாகப் பின்பற்றலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: ஜோகூரையோ அதன் ஒரு பகுதியையோ எந்த ஐரோப்பிய அரசுக்கும் வேறு எந்த நாட்டுக்கும் விட்டுக்கொடுக்க அரசருக்கே அதிகாரம் இல்லை. சிங்கப்பூரைக் கையெழுத்திட்டுக் கொடுத்த தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் பேரன் எழுதியது இது.

சட்டம் வெளியாகி 51-ஆம் நாள், 1895 ஜூன் 4, அபூபக்கர் லண்டனில் காலமானார். மகன் இப்ராகிமுக்கு வயது 21. கம்போங் கிளாமில் நடந்தது போல வாரிசுக் குழப்பம் வந்திருக்கலாம். வரவில்லை. அடுத்தவர் யார், எப்படி என்று தாளில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீடு நிலைத்ததும் மற்ற வீடு சரிந்ததும் எழுத்தால் மட்டும் என்று சொன்னால் அது சரியான கணக்கல்ல. தெலுக் பிளாங்கா வீட்டாரிடம் வணிகம் இருந்தது, வருமானம் இருந்தது, சிங்கப்பூர் வணிகர்களின் நட்பு இருந்தது. கம்போங் கிளாம் வீட்டார் மாத உதவித்தொகையை நம்பியிருந்தார்கள். ஆனால் சேர்த்ததை அடுத்த தலைமுறைக்குச் சிதறாமல் கொண்டுபோனதில் அந்த எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எழுதிவிட்டால் போதுமா? போதாது. 1910-இல் ஜோகூருக்கு பிரிட்டிஷ் ஆலோசகர் ஒருவர் வந்தார். 1914 மே மாதம் சுல்தான் இப்ராகிம், தலைமை ஆலோசகரை ஏற்று, சமயமும் வழக்கமும் தவிர மற்றவற்றில் அவர் சொற்படி நடக்க ஒப்புக்கொண்டார். நாட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் தொடவே இல்லை. ஒரு சாண் நிலமும் கைமாறவில்லை. எழுத்து அப்படியே இருந்தது. அதிகாரம் மட்டும் நகர்ந்துவிட்டது. குடிமக்களிடமிருந்து அதைத் தடுக்கும் அளவுக்குக் குரல் எழவில்லை. அலமாரியில் இருக்கும் சட்டம் தானாக எழுந்து வந்து கையைப் பிடிக்காது.

இன்னும் முப்பதாண்டு போனது. ஜப்பானியப் படையெடுப்பு வந்து போனது. 1945 அக்டோபரில் சர் ஹெரல்டு மெக்மைக்கேல் மலாயாவுக்கு வந்து சுல்தான்களிடம் கையெழுத்து வாங்கினார். மலாயன் யூனியன் அமைப்பதற்காக, ஆட்சி அதிகாரம் முழுவதையும் பிரிட்டிஷ் அரசருக்குத் தரும் கையெழுத்து. முதலில் கையெழுத்திட்டவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம்.

இந்த முறை மக்கள் சும்மா இருக்கவில்லை. 1946 பிப்ரவரியில் ஜோகூர் பாருவின் அபூபக்கர் பள்ளிவாசலில் கூட்டம் கூடியது. அவர்கள் சுட்டிக்காட்டியது லண்டன் சட்டத்தையல்ல. தங்கள் சுல்தானின் தந்தை எழுதிய 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தை. நாட்டை விட்டுக்கொடுக்க அரசருக்கு அதிகாரம் இல்லை என்று இதில் இருக்கிறது, எந்த உரிமையில் கையெழுத்திட்டீர்கள் என்று கேட்டார்கள். அரியணையில் இருக்கத் தகுதி இழந்துவிட்டீர்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். அரசரைக் கண்டால் பாதையோரம் ஒதுங்கிப் பணிந்து நின்ற சமூகம் அது. அவர்களுக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது கையிலிருந்த தாள். சுல்தானும் பின்னர் மலாயன் யூனியனுக்கு எதிராகத் திரும்பினார். நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பில் அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரி 1 அன்று அதன் இடத்தில் மலாயா கூட்டமைப்பு வந்தது.

சட்டம் எழுதப்பட்டது 1895-இல். அது உயிர்பெற்று எழுந்தது 1946-இல். அரை நூற்றாண்டு. எழுதியவர் மண்ணுக்குள் போய் ஐம்பதாண்டு ஆன பிறகு, அதை வாசித்திருந்த மக்கள் அதைக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டாரின் அரியணை இன்றும் இருக்கிறது; 2024 ஜனவரி 31 அன்று ஜோகூர் சுல்தான் மலேசியாவின் மாமன்னராகப் பொறுப்பேற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

இதில் நமக்கு என்ன?

முதலில், நாம் அன்றாடம் நடமாடும் இடத்திலேயே இப்படிப்பட்ட தாள்கள் இருக்கின்றன. சுல்தான் பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1879 வரை அதன் நிர்வாகம் சுல்தானின் பேரர் அலாவுதீன் ஷா கையில் இருந்தது. பின்னர் ஐந்து சமூகத் தலைவர்களிடம் போனது. 1914-இல் அறங்காவலர் குழுவைத் திருத்தி அமைத்தார்கள். மொத்தம் 12 பேர். மலாய், ஜாவானிய, பூகிஸ், அரபு, தமிழ், வட இந்திய முஸ்லிம் சமூகங்கள் ஆறுக்கும் ஆளுக்கு இரண்டு இடம். நம் முன்னோர்களுக்கு அந்தப் பள்ளிவாசலில் இருந்த இரண்டு இடம் யாருடைய தயவும் அல்ல, எழுதப்பட்ட உரிமை. அதே 1914-இல்தான் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரின் உரிமை கை நழுவியது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, 1823-இல் ராபிள்ஸ் எழுதிய அந்த ஒரு வரி. சமயம், திருமணம், வாரிசுப் பங்கு. 1880-இல் முஸ்லிம் திருமணங்களுக்கான சட்டம் வந்தது. 1957-இல் முஸ்லிம் சட்டம், 1958-இல் ஷரியா நீதிமன்றம். 1966-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1968-இல் நடைமுறைக்கு வந்து முயிஸ் அமைந்தது. முஸ்லிம்களின் சமய விவகாரங்களைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது நம் குடியரசின் அரசமைப்புச் சட்டத்தின் 153-ஆம் பிரிவு. நம் வீட்டு நிக்காஹ் பதிவும், தகப்பனார் விட்டுப்போன சொத்தில் மகளின் பங்கும் இந்தச் சங்கிலியின் கண்ணிகள். அரசரும் கம்பெனியும் போன பிறகும் அந்த வரி நின்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் அதைக் கேட்டு வாங்க ஆள் இருந்தார்கள்.

மூன்றாவதாக, நம் சங்கம். இந்த நாட்டில் பதிவு பெற்ற எந்தச் சங்கமும் விதிப்புத்தகம் இல்லாமல் இருக்க முடியாது. 1890 முதல் நடைமுறையிலுள்ள சங்கப் பதிவுச் சட்டத்தின் வழி வந்த ஒழுங்கு அது. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் வீட்டில் நம் சங்கத்தின் விதிப்புத்தகம் இருக்கிறது? இருந்தால், எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

அதில் ஒரு விதி உண்டு. பெரும்பாலான சங்கங்களின் விதிகளிலும் இதே வாசகம்தான். பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேராவிட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்போதும் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். கூட்டத்தை நடத்தலாம். இது மட்டும் எல்லோருக்கும் தெரியும். தேநீரும் பஜ்ஜியும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான். ஆனால் அந்த விதியின் கடைசி வரி பலருக்குத் தெரியாது. அப்படிக் கூடுகிறவர்களுக்கு விதிகளைத் திருத்தும் அதிகாரம் கிடையாது. நிர்வாகம் செய்யலாம், அடிப்படையை மாற்ற முடியாது. ஜோகூர் அரசருக்கு அபூபக்கர் போட்ட அதே கட்டு. பொருளாளர் அதே பதவிக்குத் தொடர்ந்து வர முடியாது என்பதும், மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதமின்றிச் சங்கத்தைக் கலைக்க முடியாது என்பதும் அப்படிப்பட்ட கட்டுகள்தாம். இவற்றை எழுதிய நம் தாபகர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக. அவர்கள் தங்கள் மேல் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுகள் அவை.

இந்தக் கட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வரும் பொதுக்கூட்டத்தில் விதித்திருத்தம் வரப்போகிறது. செயற்குழுவில் பெண்களுக்கும் இளையர்களுக்கும் இடம், தலைவர் பதவிக்குக் கால வரம்பு. இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐம்பதாண்டாக நம்பிக்கையில் ஓடிய சங்கத்துக்கு இவ்வளவு எழுத்து எதற்கு என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தவர்கள் அவர்கள். கேட்க உரிமை உண்டு. எங்கள் பதில் இவ்வளவுதான்: உங்கள் மேல் நம்பிக்கை இருப்பதால்தான், நீங்கள் இருக்கும்போதே, உங்கள் வாயாலேயே வாசகம் வர வேண்டும் என்று கேட்கிறோம். நீங்கள் சொல்லி எழுதினால் அது அமானிதம். நீங்கள் போன பிறகு நாங்கள் எழுதினால் அது சண்டை. கம்போங் கிளாம் வீட்டில் நடந்தது அதுதான்.

எனவே சபையின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம்.

ஒன்று, ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் விதிப்புத்தகத்தைத் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். ஜோகூர் மக்கள் 1946-இல் கேள்வி கேட்க முடிந்ததற்கு ஒரு காரணம், சட்டம் அவர்கள் மொழியில் இருந்தது. மொழிபெயர்க்கும் வேலையை எங்கள் குழு ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்கள் சரிபார்த்துத் தர வேண்டும்.

இரண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அந்த அரை மணி நேரம் முடிவதற்கு முன்பே வாருங்கள். கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் வியாபார நாள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கூட்ட நேரத்தை மாற்றலாமா என்றும் பேசலாம். ஆனால் கோரம் சேராத கூட்டம், திங்கட்கிழமை 10 மணிக்கு ஆள் வராத ரூமா பிச்சாரா மாதிரிதான். வராதவருடைய இடத்தை வந்தவர் எடுத்துக்கொள்வார்.

மூன்று, திருத்தத்தை ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் விருப்பம். படித்துவிட்டு வந்து செய்யுங்கள். எதிர்த்து வாக்களிக்கும் பெரியவர் ஒருவர் விதி எண்ணைச் சொல்லி எதிர்த்தால், நாங்கள் தோற்றாலும் சங்கம் வென்றதாகவே எடுத்துக்கொள்வோம்.

இன்னும் ஐம்பதாண்டு கழித்து, இந்த மலரைப் புரட்டும் பேரப்பிள்ளைகளில் யாரோ ஒருவர், 'இந்த விதியை யார் எழுதினார்கள்?' என்று கேட்பார். கேட்கும் பிள்ளை இருந்தால் போதும், சங்கம் இருக்கும். அப்படிக் கேட்கும் பிள்ளைகளை நமக்குத் தந்து, நம் முன்னோர்களின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, நமக்கிடையே ஒற்றுமையை நிலைக்கச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.